பாலிகானப்பள்ளி தரும் பாடம்

பத்ருப் போர் (ஹிஜ்ரி 2, கி.பி. 624) முடிந்தபோது, மீட்புப் பணம் செலுத்த இயலாத, எழுதப்படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு ஒரு வழி காட்டப்பட்டது. அன்ஸாரிச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் விடுதலை. ஒருவருக்குப் பத்துச் சிறுவர்கள் என்பது இப்னு ஸஅது தரும் செய்தி. வறுமை, கல்விக்குத் தடையாகி விடக்கூடாது என்பதற்கு நம் வரலாறு வைத்திருக்கும் முதற்சான்றுகளில் இதுவும் ஒன்று. எனினும் கைதிகள் ஊர் திரும்பினர். கற்பித்தல் தொடர வேண்டியிருந்தது. தொடங்குவது எளிது, தொடர்வது அரிது என்னும் இவ்வுண்மையை நம் அண்டையிலுள்ள ஒரு பள்ளியின் வரலாறு தெளிவாக்குகிறது.

ஓசூர்ப் பகுதி 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் முகம் மாறியது. எல்லைக்கு அப்பால் பெங்களூரு, இப்பால் ஆலைகள். ஆனால் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் மானாவாரி நிலமும் கல்குவாரிக் கூலியும் நிலைத்திருந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அத்தகைய ஒரு சிற்றூர் பாலிகானப்பள்ளி. இங்கே 1997இல் 'சாந்தி பவன்' என்னும் உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர் ஆபிரகாம் ஜார்ஜ். இந்திய இராணுவத்தில் அதிகாரியாகப் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் தொழில் நடத்திப் பொருளீட்டியவர்.

மிக வறிய குடும்பங்களிலிருந்து மழலைப் பருவத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்து, உணவு, உடை, மருத்துவம், கல்வி அனைத்தையும் கட்டணமின்றி வழங்குவது இப்பள்ளியின் முறை. அவர்களுள் தலித் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கல்லூரிச் செலவையும் ஏற்கிறது. நிலையான ஊழியர்களுடன் வெளிநாடுகளிலிருந்து வரும் தன்னார்வலர்களும் சில மாதங்கள் தங்கிக் கற்பிக்கின்றனர். 2017இல் வெளிவந்த 'டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்னும் ஆவணத் தொடர் இப்பள்ளி மாணவியரின் வாழ்வை உலகறியச் செய்தது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை மட்டுமே என்பது அதன் விதி. பல குடும்பங்கள் பயனடைய வேண்டும் என்பது நோக்கம். ஆயினும் ஒரே குடிசையில் ஒருவர் ஆங்கிலம் பயில, உடன்பிறந்தவர் கூலிக்குச் செல்லும் நிலையை எண்ணுவோர் நெஞ்சம் கனக்கும். தேர்வு பெற்ற பிள்ளையின் தோளில் முழுக் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் ஏறிவிடுகிறது.

இன்னொரு சோதனை 2008இல் வந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் நிறுவனரின் செல்வம் கரைந்தது. பள்ளியின் முழுச் செலவையும் அவரொருவரே தாங்க இயலாமற் போயிற்று. பள்ளியே மூடப்படும் அபாயம் நேர்ந்தது. பலரிடம் நன்கொடை திரட்டியே அதனைக் காக்க வேண்டியிருந்தது. ஒருவரது வாணிகத்தின் ஏற்ற இறக்கம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் படிப்பை அசைத்துவிட்டது.

இந்த இடரை முன்னோர் அறிந்திருந்தனர். பகுதாதின் நிஜாமிய்யா 1067இல் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய அமைச்சர் நிஜாமுல் முல்க் 1092இல் கொலையுண்டார். ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1184இல் பகுதாதுக்கு வந்த பயணி இப்னு ஜுபைர் அம்மதரஸா புகழுடன் இயங்குவதையும், நகரத்து மதரஸாக்களுக்குப் பெரும் வக்ஃபு சொத்துகள் இருந்ததையும் பதிந்து வைத்துள்ளார். அறங்காவலர் மாறினர், அரசுகள் மாறின. சொத்தின் வருவாய் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தொடர்ந்து சென்றது. வக்ஃபு என்னும் ஏற்பாட்டின் சிறப்பு, கொடையாளரின் ஆயுளிலிருந்து கொடையின் ஆயுளைப் பிரித்ததாகும்.

நமது வட்டாரத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1924இல் காகா முஹம்மது உமர் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் நிறுவனருக்குப் பின்னும் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

கைதியோ, தன்னார்வலரோ, வணிகரோ எவராயினும் ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் போற்றத்தக்கவர். பாலிகானப்பள்ளி அதனை மெய்ப்பித்தது. நாளை நமது சிற்றூரில் அத்தகைய பள்ளி ஒன்றை எண்ணுவோர், முதல் நாளிலேயே இரு கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கட்டும்: நாம் இல்லாதபோது இது எதனால் நிற்கும்? அண்டை வீட்டில் விடுபட்ட பிள்ளைக்கு யார் கற்பிப்பார்?