மொரீசியஸ் வல்லூறும் கார்ல் ஜோன்ஸும்

டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே மாண்டொழிந்த மொரீசியஸ் தீவில், 1974ஆம் ஆண்டு காட்டில் எஞ்சியிருந்தனவாக அறியப்பட்ட வல்லூறுகள் நான்கே. காடழிப்பும் டி.டி.டி. நஞ்சும், வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் அவ்வினத்தை அந்நிலைக்கு ஆளாக்கின.

1979இல் வேல்ஸ் நாட்டினரான கார்ல் ஜோன்ஸ் அங்குச் சென்றார். மீட்புப் பணியை மூடிவிடவே அவர் அனுப்பப்பட்டார், அவரோ மூடவில்லை. கூடுகளிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாப்புக் கருவியில் வைத்தார். கடைசிப் பறவைகளின் முட்டையில் கைவைக்க யாருக்குத்தான் துணிவு வரும்? ஆயினும், முட்டையை இழந்த பெட்டை மீண்டும் இடும் என்பதை அவர் அறிவார். இளமையில் வீட்டுத் தோட்டத்திலேயே வல்லூறு வளர்த்தவரல்லவா! கூட்டிலிருந்த இணைகளுக்கு இரையும் கொடுத்து வந்தார்.

1994க்குள் முந்நூறுக்கு மேற்பட்ட வல்லூறுகள் காட்டில் விடப்பட்டன. இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக்கிளியும் அவர் முயற்சியால் பிழைத்தன. வல்லூறுகளோ பின்னர் மீண்டும் குறையலாயின. 2014இல் அவ்வினம் மறுபடியும் அழிவின் விளிம்பிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.