பத்து பாகாட், ஜனவரி 1942: பின்வாங்கும் ஆணை யார் கையில் இருந்தது?

மலாயாப் போரில் பிரிட்டிஷார் தோற்றதற்கு அங்கிருந்த படைகளின் தலைவர் ஜெனரல் பெர்சிவலின் தயக்கத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். 1942 ஜனவரி இறுதியில் பத்து பாகாட்டில் நடந்ததை அந்த ஒரு காரணத்தால் விளக்கிவிட முடியாது. அங்கே தளபதிகளின் குணத்தைவிட, முடிவெடுக்கும் அதிகாரம் எந்தப் படியில் இருந்தது என்பதே கேடு விளைவித்தது.

மூவார் வீழ்ந்தபின் ஜெமாலுவாங், குளுவாங், ஆயர் ஹீத்தாம், பத்து பாகாட் ஆகிய ஊர்களை இணைக்கும் கோட்டில் ஜப்பானியரைத் தடுப்பது பெர்சிவலின் திட்டம். அதன் மேற்கு முனையான பத்து பாகாட் 15ஆம் இந்திய பிரிகேடின் தளபதி பிரிகேடியர் சாலன் பொறுப்பில் இருந்தது. பெயர்தான் இந்திய பிரிகேட்; ஊரைக் காத்து நின்றவை கேம்பிரிட்ஜ்ஷயர், நார்ஃபோக் போன்ற பிரிட்டிஷ் பட்டாலியன்கள். ஜப்பானியக் காவல் டிவிஷனின் ஒரு பட்டாலியனோ ஜனவரி 16ஆம் தேதியே அருகில் கடல்வழியாக வந்து இறங்கியிருந்தது.

ஜனவரி 23ஆம் தேதி சாலனுக்கு மேலிடத்தோடு வானொலித் தொடர்பு அறுந்தது. பின்வழி அடைபட்டுவிடும் என்று அஞ்சிய அவர், தாமாகவே விலகத் தொடங்கினார். தொடர்பு மீண்டதும் 11ஆம் இந்திய டிவிஷனின் மேஜர் ஜெனரல் கீ, ஊரைத் திரும்பப் பிடிக்கச் சொன்னார்.

25ஆம் தேதி சாலன் மறுபடி விலக அனுமதி கேட்டார். கீ அதை ஆதரித்தார். ஆனாலும் கோரிக்கை மூன்றாம் இந்தியப் படையணித் தலைவர் ஹீத்தைத் தாண்டி பெர்சிவல்வரை ஏறவேண்டியிருந்தது. ரெங்கத்தில் பிற்பகல் கூடிய கூட்டத்தில்தான் இசைவு கிடைத்தது. அன்றிரவு புறப்பட்ட படையின் வழியை மறுநாள் செங்காராங்கில் எதிரி மறித்துவிட்டான். உதவிக்குப் பெனுட்டிலிருந்து கிளம்பிய அணியும் ரெங்கிட் அருகே சிதறியது. பீரங்கிகளையும் வண்டிகளையும் அழித்துவிட்டுத் தப்பிச் செல்ல ஆணையிட்ட சாலன், பிறகு பிடிபட்டார். கரையோரம் பொங்கோரில் ஒதுங்கிய 2,000-க்கும் மேற்பட்டோரை டிராகன்ஃபிளை, ஸ்கார்ப்பியன் உள்ளிட்ட கப்பல்கள் இரவுகளில் ஏற்றிச் சென்றன.

அதிகாரத்தை மேலே வைத்துக்கொள்ள வலுவான காரணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பத்து பாகாட் கைவிட்டுப் போனால் ஆயர் ஹீத்தாமின் இடப்புறம் திறந்துவிடும். குளுவாங் படையும் நகர வேண்டிவரும். துணைக்கு வரவிருந்த 18ஆம் பிரிட்டிஷ் டிவிஷனின் பெரும்பகுதி சிங்கப்பூர் வந்து சேர்ந்ததே ஜனவரி 29இல்தான்; அதுவரை கோடு நிற்க வேண்டியிருந்தது. ஒரு பிரிகேடியர் தம் விருப்பப்படி கோட்டைக் கலைத்துவிட முடியாது.

கோட்டின் கட்டுப்பாட்டை ஒரே கையில் வைத்திருக்க அது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் படி ஏறிக் கேட்கவைப்பதற்கு அது நியாயமாகாது. செங்காராங் சாலையில் எதிரி தென்பட்டால் கேட்காமலே விலகலாம், அதுவரை அசையக்கூடாது என்ற நிபந்தனையை 23ஆம் தேதியே கொடுத்திருக்கலாம். கோடு பெர்சிவலிடமே இருந்திருக்கும். புறப்படும் நேரம் மட்டும், சாலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போயிருக்கும்.