கோஜிரா: இரண்டு பிரதிகள்

காட்ஸில்லா என்றால் நம்மில் பலருக்கு ஒரு கேலி. ரப்பர் உடைக்குள் ஒரு ஆள், அட்டைக் கட்டிடங்கள், ஒரு உறுமல், குழந்தைகள் சமாசாரம். கவிதையும் விமர்சனமும் பேசுகிற பக்கங்களில் இதைப் பற்றி எழுதச் சற்றுக் கூச்சமாகக்கூட இருக்கிறது. ஆனால் நாம் கேலி செய்வது எந்தப் படத்தை என்பதில் ஒரு குழப்பம் உண்டு. அந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு.

1954 மார்ச் 1ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 15 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. கணக்குப் போட்ட விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது. அபாய எல்லை என்று அறிவித்திருந்த கடலுக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது சாம்பல் பனிபோலக் கொட்டியது. படகின் பெயரில் அதிர்ஷ்டம் என்ற பொருள் இருந்தது. படகில் 23 பேர். ரேடியோ இயக்குபவராக இருந்த குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். ஆறு வாரம் கழித்து, நவம்பர் 3ஆம் தேதி, தோஹோ கம்பெனியின் 'கோஜிரா' வெளியாயிற்று.

படம் ஒரு படகில்தான் ஆரம்பிக்கிறது. மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக இருக்கிறார்கள், யாரோ வாத்தியம் வாசிக்கிறார்கள், கடலில் கண்ணைப் பறிக்கும் ஒளி, படகு எரிகிறது. அந்த வருஷம் ஜப்பானில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இயக்கிய இஷிரோ ஹோண்டா யுத்தகாலத்தில் சீனாவில் சிப்பாயாக இருந்தவர். 1946ல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைப் பார்த்தவர். தந்திரக் காட்சிகளை எடுத்த ஐஜி ட்சுபுராயா 'கிங் காங்'கைப்போல் பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுக்க ஆசைப்பட்டார், அவகாசமில்லை. ஆகவே ஹாருவோ நகாஜிமா என்ற நடிகர் கனத்த உடைக்குள் புகுந்து வெந்துபோனார். காமிராவை வேகமாக ஓட்டி எடுத்ததால் திரையில் அந்த நடை மெதுவாகிறது, பாரம் ஏறுகிறது. உறுமலைச் செய்தவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. டபுள் பாஸ் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துப் பதிவு செய்த சத்தம் அது. ஒரு தொண்டையிலிருந்து வராத குரல் என்று தெரிந்தபின் கேட்டால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மிருகம் நகரத்தை மிதிப்பதைவிட, மிதித்த பிறகு வருகிற சில நிமிஷங்களில்தான் படம் இருக்கிறது. ஆஸ்பத்திரித் தரையில் வரிசையாகப் படுத்திருப்பவர்கள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் தலையசைக்கிற டாக்டர். எரியும் தெருவில் பிள்ளைகளை அணைத்தபடி, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிற தாய். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோ எரிந்து ஒரு லட்சம் பேர் மாண்டதை அறிந்தவர்கள் எடுத்த காட்சிகள் இவை. ரயிலில் போகும் ஒரு பெண் அலுப்போடு நாகஸாகியைப் பற்றிச் சொல்கிறாள். அங்கே தப்பித்து வந்த உயிர் இங்கே போக வேண்டுமா என்கிற மாதிரி. அழுகையில்லை, வெறும் சலிப்பு. எனக்குப் படத்திலேயே ஆகச் சிறந்த வசனம் அதுதான்.

1956ல் அமெரிக்கத் திரைக்குப் போனபோது அந்த வசனம் இல்லை. 96 நிமிஷப் படம் 80 நிமிஷமாயிற்று. அதிலும் சுமார் 20 நிமிஷம் புதிதாக எடுத்துச் செருகியது. ரேமண்ட் பர் என்ற நடிகர் அமெரிக்க நிருபராக வந்து, ஏற்கெனவே எடுத்து முடித்த துயரத்தை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து நமக்கு விளக்குகிறார். ஹைட்ரஜன் குண்டு என்ற சொல் முற்றிலும் போகவில்லை. உண்மையை மக்களுக்குச் சொல்வதா மறைப்பதா என்று சட்டசபைக் கமிட்டியில் பெண்கள் எழுந்து கத்துகிற காட்சி போயிற்று. உலகத்தின் பெரும்பகுதி பார்த்துச் சிரித்தது இந்தப் பிரதியைத்தான். அமெரிக்கத் தியேட்டர்களில் வெட்டுப்படாத மூலம் முறையாக ஓடியது 2004ல். ஐம்பது வருஷம் கழித்து.

குச்சனூரில் ஒரு நண்பர் வீட்டில், ஆடிச் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் ஒரு ஞாயிறு இரவு, மூலப் பிரதியை ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். எங்களில் இருவர் வீடியோ காஸெட் காலத்தில் அமெரிக்கப் பிரதியைப் பார்த்தவர்கள். இளைஞர்களுக்கு 2021ல் தமிழ் பேசிக்கொண்டு வந்த காட்ஸில்லாவும் காங்கும்தான் தெரியும். பள்ளி ஆசிரியரான நண்பர், ஜுராசிக் காலம் 20 லட்சம் வருஷத்துக்கு முந்தியது என்று படத்தின் பேராசிரியர் யமானே சொன்னதும் சிரித்துவிட்டார். 14 கோடிக்கும் மேல் என்று பையன்களுக்குப் பாடம் நடத்துபவர். ஆஸ்பத்திரிக் காட்சிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இளையவன் கேட்டான்: "இதப் போயி கொல்லணுமாண்ணே? அது பாட்டுக்குக் கெடந்தத எழுப்பிவிட்டது யாரு?"

வீட்டுக்கார நண்பர் வேறு மாதிரி சொன்னார். சுரபி நதிக்கரையில் சுயம்புவாக நிற்கிறார் சனீஸ்வரர். கல் வளர்ந்துகொண்டே போனதாகவும் அதை அடக்க மஞ்சள் காப்புச் சாத்தியதாகவும் ஊரில் சொல்வார்கள். ஏழரை பிடித்தவன் வந்து எள் தீபம் போடுகிறான். காலம் முடிந்தால் அது விலகும். "கோஜிராவும் அதுதாம்ப்பா. வந்தா இருந்துட்டுத்தான் போகும்" என்றார். படத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஓடோ தீவின் கிழவன், அந்தக் காலத்தில் மீன் கிடைக்காவிட்டால் கன்னிப்பெண்களைக் கடலுக்குக் கொடுத்ததாகவும், இப்போது மிச்சம் இருப்பது கூத்து மட்டும்தான் என்றும் சொல்கிறான்.

நண்பரின் ஒப்பீடு அழகானது. அதை நான் ஏற்கவில்லை. சனி என்று சொல்லிவிட்டால் குற்றவாளி இல்லாமல் போகிறான். பிகினியில் வெடித்தது கிரகம் செய்த காரியமா? அதற்குத் தேதி உண்டு, உத்தரவு போட்டவர்கள் உண்டு, கணக்குத் தப்பியவர்கள் உண்டு. அமெரிக்க விநியோகஸ்தர்கள் கத்தரியால் செய்ததை நாம் புராணத்தால் செய்கிறோம். தொன்மம், படிமம் என்று எதையும் காலத்திலிருந்து பெயர்த்து எடுத்துவிடுகிற பழக்கம் நம் விமர்சனத்திலும் இருக்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஹோண்டாவின் படமும் முழுக்கச் சுத்தமில்லை. அமெரிக்கா என்ற பெயரை அது உச்சரிக்கவில்லை. சீனாவில் ஜப்பானியச் சிப்பாய்கள் செய்ததற்கும் அதில் இடமில்லை. விஞ்ஞானி ஸெரிஸாவாவின் கறுப்புத் துணி மறைத்த ஒற்றைக் கண் ஒன்றுதான் யுத்தத்தின் தழும்பு. கடலில் உள்ள ஆக்ஸிஜனை அழித்து எல்லா உயிரையும் கொல்கிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அரசியல்வாதிகள் கையில் போனால் என்னாகும் என்று அதை மறைக்கிறார். ஒரே தடவை உபயோகிக்கச் சம்மதித்து, குறிப்புகளைத் தீயில் போட்டுவிட்டு, தன் சுவாசக் குழாயைத் தானே அறுத்துக்கொள்கிறார்.

இந்தியாவில் பெரிய மிருகம் புதிதில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952லேயே அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' எடுத்தது. யானைகளுக்கு ரோம உடை போர்த்தி ஆதிகால மம்மூத் ஆக்கினார்கள். 1966ல் பம்பாயில் 'கோகோலா' என்று ஒரு இந்திப் படம் வந்தது. கடலிலிருந்து வரும் கோஜிராவின் நேரடி நகல். பாட்டுகள் மிஞ்சியிருக்கின்றன, படம் காணாமல் போய்விட்டது. உடையும் வாலும் கடல் தாண்டி வந்தன. ஆனால் குண்டைப் பற்றி நமக்குப் பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. வெடிப்புச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு லோக்சபாவில் கேட்டது 1954 ஏப்ரல் 2ஆம் தேதி, பிகினி நடந்து ஒரே மாதத்தில். 1962ல், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் போய் கென்னடியிடம் அதையே சொன்னார். இந்தப் பேச்சு நம் சினிமாவுக்கு எட்டவேயில்லை. பிறகு 1974லும் 1998லும் பொக்ரானில் நாமே வெடித்தோம், இனிப்பு வழங்கினார்கள்.

இரண்டு பிரதிகளும் ஒரே கடலில், ஒரே கப்பலில் முடிகின்றன. அமெரிக்கப் பிரதியில் நிருபரின் குரல், ஆபத்து தீர்ந்தது, உலகம் மறுபடி விழித்து வாழலாம் என்கிறது. மூலத்தில் யமானே தனக்குள் முணுமுணுக்கிறார்: இது கடைசி கோஜிராவாக இருக்க முடியாது, சோதனைகள் தொடர்ந்தால் உலகத்தின் வேறு எங்காவது இன்னொன்று எழுந்து வரும். அப்போது கப்பலில் யாரும் அவருக்குப் பதில் சொல்வதில்லை.