ஓபர்லின்: ஒரு மனிதனுக்காக எழுந்த கல்லூரி ஊர்



அமெரிக்கா என்றதும் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் மத்திய மேற்கில், ஒஹாயோ மாநிலத்தில், ஓபர்லின் என்றொரு சின்ன ஊர் உண்டு. நடந்தே ஒரு நாளில் பார்த்து முடித்துவிடலாம். அதன் வரலாறுதான் பெரியது.

ஊரின் நடுவே டப்பான் சதுக்கம் என்ற பெரிய புல்வெளி. அதைச் சுற்றியே கல்லூரிக் கட்டடங்கள். 1833இல் தொடங்கிய ஓபர்லின் கல்லூரி, 1835இல் கறுப்பின மாணவர்களையும் சேர்ப்பதெனத் தீர்மானித்தது. 1837இல் நான்கு பெண்கள் ஆண்களோடு பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த காலம் அது.

கல்லூரி வளவில் ஒரு தண்டவாளம் மண்ணுக்குள்ளிருந்து வானை நோக்கி எழுந்து நிற்கிறது. அதில் ரயில் ஓடியதில்லை. அது ஒரு நினைவுச்சின்னம். தப்பி வந்த அடிமைகளை இரகசியமாக வடக்கே கனடாவுக்கு அனுப்பிய வழிக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். ஓபர்லின் அதில் முக்கியமான தரிப்பிடம்.

1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவருக்கு உதவுவது குற்றம். 1858 செப்டெம்பர் 13ஆம் திகதி, கென்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் இருந்த ஜோன் பிரைஸைப் பிடித்துச் சென்று, பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒரு ஹோட்டலில் அடைத்தார்கள். செய்தி பரவியது. மாணவர்களும் ஊரவர்களும், கறுப்பர் வெள்ளையர் பாராமல், திரண்டு போய் அவரை மீட்டு வந்தார்கள். பேராசிரியர் ஜேம்ஸ் ஃபெயார்சைல்ட் தன் வீட்டில் ஒளித்து வைத்தார். பின்பு பிரைஸ் கனடா போய்ச் சேர்ந்தார்.

37 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. இருவருக்குத் தண்டனை கிடைத்தது: சைமன் புஷ்னெலுக்கு 60 நாள் சிறை, சார்ல்ஸ் லாங்ஸ்டனுக்கு 20 நாள். லாங்ஸ்டன் கறுப்பினத்தவர், இதே கல்லூரியில் படித்து ஆசிரியராகப் பணியாற்றியவர். தன் இனத்தவர் எவருமில்லாத ஜூரி தனக்கு நீதி வழங்க முடியாது என்று நீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தார்.

கல்லூரிக் கதவு திறந்து 23 ஆண்டுகளின் பின் நடந்தது இது. ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்த பழக்கம்தான் அன்று வெலிங்டன் வீதியில் தெரிந்தது என்றே நாம் நினைக்கிறோம்.

அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாகச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இந்த ஊரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். நமது வகுப்பறைகளில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனிப்போம்.