கழுத்து வலிக்காமல் நட்சத்திரம் பார்க்கணுமா? இலஞ்சி வானத்துக்கு பைனாகுலரும் ஈஸி சேரும் போதும்!

நட்சத்திரம் பார்க்க டெலஸ்கோப் வாங்கியே ஆகணும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண 10x50 பைனாகுலரே நல்ல தொடக்கம்தான். ஆனால் வாங்கியவர்களில் பலர் பத்தே நிமிடத்தில் கீழே வைத்துவிடுவார்கள். காரணம், கழுத்து வலியும் கை நடுக்கமும்.

இலஞ்சியில் ஏன் கழுத்து வலிக்கும்?

தென்காசி, குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. அதனால் பஞ்சாங்கத்தில் வரும் நட்சத்திரங்களில் பல இங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போகின்றன. பிப்ரவரி நடுவில் இரவு 8 மணி வாக்கில் ஓரியனின் மூன்று நட்சத்திரங்கள் 80 டிகிரி உயரத்தில் நிற்கும். கார்த்திகையும் பூசமும் அப்படித்தான், உச்சிக்குப் பக்கத்தில் வந்து போகும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து தாங்குமா?

கேமரா ஸ்டாண்டும் இங்கே கைகொடுக்காது. உச்சியைப் பார்க்க அதன் அடியில் குனிந்து நுழைய வேண்டியிருக்கும்.

சாய்ந்தால் என்ன மாறும்?

10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், கை ஆட்டத்தையும் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். படம் ஆடினால் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணில் படாது. தாத்தா காலத்து மரச்சட்ட ஈஸி சேர் இதற்கு அருமையான ஏற்பாடு. நீளமான கைகளில் மடித்த துண்டைப் போட்டு முழங்கையை ஊன்றலாம். கழுத்துக்கு அடியில் சின்னத் தலையணை வைத்தால் போதும்.

15x70 போன்ற கனமான பைனாகுலரை அப்படிப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் மவுன்ட். கிணற்றில் இறைக்கும் ஏற்றம் மாதிரி யோசித்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையில் பைனாகுலர், மறுமுனையில் எடை. கண்ணுக்கு நேரே மிதப்பதுபோல நிற்கும், விரலால் தள்ளினால் நகரும்.

வசதியாக உட்கார்ந்து பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை. பிரிட்டன் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக் 1983-ல் வீட்டுக்குள் இருந்தபடி, ஜன்னல் வழியாக பைனாகுலரில் ஒரு வால்நட்சத்திரத்தையே கண்டுபிடித்தார்!

எப்போது, எதைப் பார்க்கலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மறந்துவிடுங்கள். சாரலுக்கு நல்ல காலம் என்றால் நட்சத்திரத்துக்கு கெட்ட காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அமாவாசையை ஒட்டிய நாட்கள் சிறந்தவை. மேற்கே மலை மறைக்கும் என்பதால் அந்தப் பக்கம் சாயும் நட்சத்திரங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

வெறும் கண்ணுக்கு ஆறேழு புள்ளியாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் டஜன் கணக்கில் விரியும். பூசத்தின் பக்கத்தில் புகைபோலத் தெரிவது ஒரு நட்சத்திரக் கூட்டம்.

ஏப்ரல் இறுதியில் இரவு 11 மணி வாக்கில் நாற்காலியை தெற்கே திருப்புங்கள். சாய்வையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில் ஒரு பஞ்சு உருண்டை தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி, சுமார் 17 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் கூடிய கொத்து. லண்டனில் இது உதிப்பதே இல்லை.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை செல்போனைத் தொடாதீர்கள். வெளிச்சம் வேண்டும் என்றால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். பகலில் மட்டும் பைனாகுலரை சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும்.