கீறலுக்கு ஒரு கடிவாளம்

காப்பிக் கோப்பை கை தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு நசுங்கித் தப்பித்துக்கொள்ளும். பீங்கானுக்கு வளையத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், விறுவிறுவென ஓடி இரண்டாகப் பிளந்துவிடும். இத்தனைக்கும், இரும்பு உருகி ஓடும் சூட்டிலும் உருகாத அலுமினா பீங்கான் ஜாதிதான்!

1991-ல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கொய்ச்சி நிஹாரா ஓர் அதிசயத்தை அறிவித்தார். அலுமினாவில் கன அளவில் வெறும் 5 சதவிகிதம் சிலிக்கன் கார்பைடு நானோ துகள்களைக் கலந்தார். வலிமை 350 மெகாபாஸ்கலிலிருந்து 1,000-க்குத் தாவியது. சூடேற்றிப் பதப்படுத்தியதும் 1,500-ஐத் தாண்டிவிட்டது!

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? செய்து பார்த்தார்கள். வலிமை கூடியது நிஜம். ஆனால், மும்மடங்கெல்லாம் பலருக்குக் கிடைக்கவில்லை. 1993-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகக் குழு ஒரு குண்டு போட்டது: சோதனைக்காகத் தேய்த்து மெருகேற்றும்போது மேற்பரப்பில் ஓர் இறுக்கம் உண்டாகிறது. கீறலை வாய் திறக்கவிடாமல் அமுக்கிப் பிடிப்பது அதுதான்!

அப்படியானால் நானோ துகள் வெறும் வேஷமா? இல்லை. சாதா அலுமினாவைத் தேய்த்தால் துணுக்குத் துணுக்காகப் பெயரும். துகள் கலந்ததோ வழவழவென்று தேயும். அந்த இறுக்கத்தைத் தாங்கி நிற்க மேற்பரப்பைத் தயார் செய்வதே துகள்தான். நிஹாராவின் பீங்கான் பொய்யில்லை. பெருமையில் பாதி மட்டும் மெருகேற்றியவருக்குப் போகவேண்டும்!