சாய்ந்த வெளிச்சம்: கோடியக்கரைச் சேறும் ஒரு துண்டு அட்டையும்

தஞ்சாவூர்ப் பக்கம் கல்வெட்டு படிக்கிறவர்களோடு கோயிலுக்குப் போயிருக்கீங்களா? நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று இருக்கும் கல்லில், டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடிப்பாங்க. தேய்ந்த எழுத்து நிழல் கட்டி எழுந்து வரும். இதே வித்தையை மைக்ரோஸ்கோப்பில் செய்தவர்களின் கதைதான் இன்றைய எபிசோட்.

கதைக்குப் பொருத்தமான ஊர் கோடியக்கரை. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். எல்லோரும் பைனாகுலரோடு பூநாரை பார்க்கப் போகிறோம். ஆனால் அங்கே நடக்கிற பந்திக்கு அரிசி மாதிரி இருப்பது சேற்றின் மேல் பழுப்பாகப் படியும் டயாட்டம். ஒற்றைச் செல் பாசி. ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி. அதைத் தின்கிற சிற்றுயிர்கள், அவற்றைத் தின்கிற மீன், பறவை என்று சங்கிலி நீளும்.

எந்த டயாட்டம் என்று சொல்ல, ஓட்டின் மேலுள்ள நுண்கோடுகளை எண்ண வேண்டும்: 10 மைக்ரானுக்கு எத்தனை கோடு? தண்ணீரின் உப்பும் அழுக்கும் மாறினால் அதில் வாழும் டயாட்டம் இனங்களும் மாறும். ஆகவே அந்தக் கோடு தெரிவதும் தெரியாததும் சின்ன விஷயம் இல்லை.

பிரச்சினை என்னன்னா, கண்ணாடி வழியாக நேர் வெளிச்சம் அப்படியே கடந்து போய்விடும். 1837-லேயே ஜே.பி. ரீட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி, கருத்த பின்னணியில் பொருள் மட்டும் ஒளிரும்படி செய்யும் முறையை எழுதினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கு டயாட்டம்தான் பரீட்சைத் தாள். யார் லென்ஸில் கோடு தெரிகிறதோ அவர் லென்ஸே உசத்தி. பிளூரோசிக்மா என்ற டயாட்டம் அதில் பிரபலம். ஆங்கில எஸ் எழுத்தை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

சாய்த்தால் ஏன் தெரிகிறது என்பதற்கு 1873-ல்தான் கணக்கு வந்தது. ஜெர்மனியின் யேனா நகரில், ட்சைஸ் நிறுவனத்தோடு வேலை செய்த எர்ன்ஸ்ட் அபே சொன்னார்: நெருக்கமான கோடுகளில் பட்ட ஒளி விரிந்து பக்கவாட்டில் சிதறும். அந்தச் சிதறலில் ஒரு கற்றையாவது லென்ஸுக்குள் நுழைந்தால்தான் கோடு பிம்பமாகும். ஒளி நேராக வந்தால் சிதறிய கற்றைகள் இரண்டு பக்கமும் வெளியே தப்பித்துவிடும். சாய்ந்து வந்தால் நேர்க்கற்றை லென்ஸின் ஒரு ஓரத்திலும் சிதறிய கற்றை எதிர் ஓரத்திலும் நுழையும். பிரித்துக் காட்டும் திறன் இரு மடங்கு வரை கூடும்.

மாணவர் மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸின் அப்பெர்ச்சர் பெரும்பாலும் 0.65. பச்சை ஒளியில் நேராகப் பார்த்தால் எல்லை சுமார் 0.85 மைக்ரான், சாய்த்தால் சுமார் 0.42. பிளூரோசிக்மா ஆங்குலாட்டம் ஓட்டில் கோட்டு இடைவெளி ஏறக்குறைய அரை மைக்ரான். இரண்டு எல்லைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கு பாருங்க!

வீட்டில் நான் செய்வது இதுதான். கண்டென்சரின் டயாபிரத்தை முழுக்கத் திறந்து, அதன் அடியில் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைப் பக்கத்திலிருந்து மெல்ல நுழைப்பேன். பாதி வெளிச்சத்துக்கு மேல் மறையும்போது, மங்கலாக இருந்த ஓடு சட்டென்று புடைத்துக்கொண்டு நிற்கும். செலவு, பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு மூலை. சேறு மட்டும் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. வெளியே உள்ள உப்பு வாய்க்காலில் ஒரு ஸ்பூன் போதும்.

ஆனால் இந்த வெளிச்சம் ஏமாற்றவும் செய்யும். ஒரு திசையில் சாய்த்தால் அதற்குக் குறுக்கே ஓடும் கோடுகள்தான் தெரியும். அட்டையைச் சுற்றினால் வேறு கோடுகள் வரும். பிளூரோசிக்மாவில் இருப்பது கோடே இல்லை, புள்ளி வரிசைகள் என்று பிறகு புரிந்தது. அடுத்த சண்டை: புள்ளி என்பது முத்தா, குழியா? சாய்ந்த ஒளியில் புடைப்பாகத் தெரிவது, எதிர்ப்பக்கம் சாய்த்தால் குழியாகத் தெரியும். பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1930-களில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகே துளைகள் என்று உறுதியானது.

நம்ம ஊரும் இந்த வரலாற்றில் உண்டு. 1946-ல் ஆர். சுப்ரமணியன், சென்னைக் கடற்கரையின் மிதக்கும் டயாட்டங்களைப் படங்களோடு வகைப்படுத்தி விரிவான கட்டுரை வெளியிட்டார். எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வளர்த்த பாசி ஆராய்ச்சி மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி, 1950-களிலேயே டயாட்டம் ஓட்டை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தவர்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை, அட்டை இருக்கு. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். எந்த ஓட்டையும் எதிரெதிர் திசைகளில் சாய்த்து இரண்டு படம் எடுங்க. கூடவே தேதி, இடம், வெளிச்சம் வந்த பக்கம் மூன்றையும் எழுதி வையுங்க. இரண்டிலும் மாறாமல் இருக்கும் கோட்டு எண்ணிக்கையை நம்பலாம். மேடு பள்ளத்தை நம்ப வேண்டாம். பத்து வருஷம் கழித்து அந்த வாய்க்கால் மாறியிருக்கா என்று யாராவது கேட்டால், காட்ட ஏதாவது இருக்கும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.